தினமும் ஓட்டுகிற ஜிம்னிக்கு எவ்வளவு லிஃப்ட் போதும்?

மாருதி ஜிம்னியோ மஹிந்திரா தாரோ வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே லிஃப்டைப் பற்றி, அதாவது சக்கரங்களுக்கு மேலே வண்டியை உயர்த்துவதைப் பற்றி, கேட்க ஆரம்பிக்கும் கேள்வி, "எத்தனை இன்ச் தூக்கலாம்?" கேள்வி நியாயமானதுதான், ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் வண்டியின் அடியில் எது, எங்கே, எந்த மாதிரிப் பாதையில் இடிக்கிறது என்று தெரிய வேண்டும். வார நாட்களில் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்து, எப்போதாவது எஸ்டேட் பாதையிலோ ஆற்று மணலிலோ இறங்குகிற வண்டிக்கு நான் சொல்லும் அளவு 40 மி.மீ., மிஞ்சிப்போனால் 50. ஏன் அந்த அளவு, அந்த அளவுக்குள்ளேயும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை ஐந்து கதவு மாருதி ஜிம்னியை வைத்துச் சொல்கிறேன். அதன் அடிப்பாகம் எளிமையானது, அதைப் புரிந்துகொண்டால் மற்ற வண்டிகளைப் புரிந்துகொள்வது சுலபம்.

லிஃப்ட் எதைத் தூக்குகிறது, எதைத் தூக்காது

ஜிம்னியில் முன்னாலும் சரி, பின்னாலும் சரி, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்புக் கூடாக ஆக்சில் போகிறது. அதில் உருண்டையாகப் புடைத்திருப்பதுதான் இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், நம் மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். ஆக்சில் மேல் காயில் ஸ்ப்ரிங், ஸ்ப்ரிங் மேல் சேஸிஸ், சேஸிஸ் மேல் பாடி. இப்போது நீளமான ஸ்ப்ரிங் போடுகிறீர்கள் என்றால், ஸ்ப்ரிங்குக்கு மேலே இருப்பதெல்லாம் உயரும். கீழே இருக்கிற ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அதைத் தாங்கி நிற்பது டயர். கம்பெனி சொல்கிற 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் அந்தக் கிரவுனின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. 40 போட்டாலும் 100 போட்டாலும் அது 210தான்.

கிரவுன் கல்லில் இடிக்கிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், லிஃப்டுக்குச் செலவழித்துப் பயனில்லை. அதற்கு டயர் ஒன்றுதான் வழி, அதிலும் கிடைப்பது கொஞ்சம்தான். ஜிம்னியோடு வருகிற 195/80 ஆர்15 டயரின் முழு உயரம் கணக்குப்படி சுமார் 693 மி.மீ. பலர் விரும்பிப் போடுகிற 235/75 ஆர்15 சுமார் 733. வித்தியாசம் 40, ஆனால் அதில் பாதிதான் ஆக்சிலுக்குக் கீழே வரும், அதாவது 20 மி.மீ. இடையில் இருக்கிற 215/75 போட்டால் கூடுவது வெறும் 5 மி.மீ. அதைப் பிடிப்புக்காகவும் பக்கவாட்டு உறுதிக்காகவும் போடலாம், உயரத்துக்காகப் போட வேண்டியதில்லை.

அப்புறம் லிஃப்ட் எதற்கு? கோணத்துக்கு. ஒரு மேட்டை நோக்கிப் போகும்போது முன் பம்பர் இடிக்காமல் ஏற முடிகிற சரிவு ஒரு கோணம், இறங்கும்போது பின் பம்பர் உரசாமல் வெளியே வருவது ஒரு கோணம், மேட்டின் உச்சியில் முன் சக்கரம் அந்தப் பக்கமும் பின் சக்கரம் இந்தப் பக்கமும் இருக்கும்போது நடு வயிறு தட்டாமல் தாண்டுவது இன்னொரு கோணம். ஐந்து கதவு ஜிம்னியில் முன் கோணம் 36 டிகிரி, நடு வயிற்றுக் கோணம் 24. இந்த 24தான் அதன் பலவீனம். மூன்று கதவு ஜிம்னியில் அது 28, காரணம் அதன் சக்கர இடைவெளி 2250 மி.மீ., நம்முடையது 2590. கூடுதலாக இரண்டு கதவு கிடைத்ததற்குக் கொடுத்த விலை இது.

சேஸிஸை 40 மி.மீ. உயர்த்தினால் இந்த நீளத்துக்கு நடு வயிற்றுக் கோணம் ஏறக்குறைய மூன்றரை டிகிரி கூடும். 24 என்பது 27 அரையாகும், அதாவது மூன்று கதவு வண்டிக்கு மிக அருகில் வந்துவிடும். 40 மி.மீ. என்ற அளவு எனக்குப் பிடித்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான். வண்டியின் குணத்தை மாற்றாமல், நீளத்தால் இழந்ததை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தருகிறது. மண் அணைப்பைத் தாண்டும்போது, ஓடையிலிருந்து கரையேறும்போது, நடுவில் மேடு கட்டிய டிராக்டர் தடத்தில் போகும்போது இது நன்றாகவே தெரியும். லிஃப்டால் வருகிற இன்னொரு நன்மை, பெரிய டயர் சக்கர வளைவுக்குள் உரசாமல் அசைய இடம் கிடைப்பது.

புதிய தார் மாதிரி முன்பக்கம் தனித்தனி சக்கரத் தொங்கல் உள்ள வண்டிகளில் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே முன் கிரவுன் சேஸிஸோடு பிணைந்திருப்பதால் லிஃப்ட் போட்டால் அதுவும் சேர்ந்து உயரும், பின்பக்க முழு ஆக்சில் மட்டும் இருந்த இடத்தில் நிற்கும். ஆனால் முன் கிரவுன் மேலே போகப் போக, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் வளையும் மூட்டுகளான சி.வி. ஜாயின்டுகள் அதிகக் கோணத்தில் வளைந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். உறை கிழிவதும் ஜாயின்ட் தேய்வதும் அதனால்தான். அந்த அமைப்புக்கு 50 மி.மீ. என்பதை உச்ச வரம்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த வண்டிகளில் முன் ஷாக் தலையில் வைக்கிற ஸ்பேசரின் தடிமன் ஒரு அளவு, சக்கரத்தில் கிடைக்கிற உயரம் அதைவிட அதிகம், ஏனென்றால் ஷாக், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் விஷ்போன் கரத்தின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. "ஒரு இன்ச் ஸ்பேசர்தானே" என்று போட்டு வண்டி இரண்டு இன்ச் மூக்கைத் தூக்கி நிற்பது இப்படித்தான்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். மணலிலும் கல் பாதையிலும் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள், தார்ச் சாலைக்கு வந்ததும் சின்ன கம்ப்ரசரால் திரும்ப ஏற்றிவிடுங்கள். வண்டி ஏற மறுத்த பல இடங்களில் காரணம் உயரக் குறைவாக இருக்காது, பிடிப்புக் குறைவாகத்தான் இருக்கும். காற்றை இறக்கியும் வயிறு தட்டுகிறது என்றால் உங்களுக்கு லிஃப்ட் வேண்டும், சரி, மேலே போவோம்.

ஸ்பேசரா, ஸ்ப்ரிங்கா

மலிவான வழி ஸ்பேசர். பழைய ஸ்ப்ரிங் அப்படியே இருக்க, அதன் தலையில் ஒரு தடித்த வளையத்தை வைத்து வண்டியைத் தூக்குவது. நின்றிருக்கும்போது பார்த்தால் எது ஸ்பேசர், எது ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முழு கிட் என்று கண்டுபிடிக்க முடியாது. ஓடும்போதுதான் வித்தியாசம். ஷாக் அப்சார்பர் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் விரியாது. பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு வண்டியை 40 மி.மீ. தூக்கினால், சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடத்தில் 40 மி.மீ. போய்விடுகிறது. ஒரு சக்கரம் குழியில் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் அந்தரத்தில் சுற்றும், சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் முழுதாக விரிந்து 'டக்' என்று அடிக்கும். மறுபக்கம், ஸ்பேசர் இடத்தை அடைத்துக்கொள்வதால் சக்கரம் முழுதாக மேலே வரும்போது ஸ்ப்ரிங் முன்னைவிட அதிகமாக நசுங்க வேண்டியிருக்கும், சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அளவுக்குக்கூடப் போகலாம். கரடு பாதைக்காகச் செய்த வேலை கரடு பாதைக்கே எதிராகப் போவது இப்படித்தான். 20 மி.மீ. அளவுக்குச் சின்ன ஸ்பேசர், ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதைச் சரிசெய்ய, அதற்கு மட்டும் சரி.

பாடி லிஃப்ட் என்று ஒன்று உண்டு, சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது. டயருக்கு இடம் தரும், ஆனால் சேஸிஸ் உயராததால் வயிறு தட்டுவது அப்படியே இருக்கும்.

ஆக, ஸ்ப்ரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் சேர்ந்து வருகிற கிட்தான் வாங்க வேண்டியது. ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகள் பரவலாகப் பேசப்படுகின்றன. பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், விற்பவரிடம் ஷாக்கின் இரண்டு நீளங்களைக் கேளுங்கள்: முழுதாக விரிந்தால் எவ்வளவு, முழுதாக மூடினால் எவ்வளவு. விரிந்த நீளம் பழையதைவிடக் கூடியிருக்க வேண்டும். மூடிய நீளம் அதிகமாகக் கூடியிருந்தால், சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் அடியில் போய் முட்டி, அதன் பிடிமானத்தையே உடைக்கும். அந்தக் கிட்டில் பம்ப் ஸ்டாப்பைத் தாழ்த்துவதற்கு ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டதும் இந்த எண்களை எடுத்துத் தருகிற கடைக்காரரிடம் நம்பி வாங்கலாம்.

ஸ்ப்ரிங்கின் பலத்தை உங்கள் சுமைதான் முடிவு செய்ய வேண்டும்

பெரும்பாலானவர்கள் உயரத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூட ஸ்ப்ரிங்கின் பலத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுவதில்லை. தினமும் ஓட்டுகிற வண்டி உங்கள் முதுகுக்கு இதமாக இருக்குமா என்பதை உயரத்தைவிட இதுதான் முடிவு செய்கிறது.

ஸ்ப்ரிங்குக்கு நியூட்டன் கணக்கில் ஒரு பலம் உண்டு, ஒரு மி.மீ. நசுங்க எத்தனை நியூட்டன் வேண்டும் என்பது. உதாரணத்துக்கு முன் ஸ்ப்ரிங் ஒவ்வொன்றும் மி.மீ.க்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்சில் மேல் நிரந்தரமாக 50 கிலோ கூட்டினால் மொத்தம் 490 நியூட்டன், ஒரு ஸ்ப்ரிங்குக்கு 245, வண்டி 12 மி.மீ. தாழும். உங்கள் 40 மி.மீ. லிஃப்டில் கால்பங்குக்கு மேல் போய்விட்டது. வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள் இயந்திரம்) மாதிரி ஆக்சிலுக்கு முன்னால் தொங்குகிற சுமை இன்னும் மோசம், பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, தன் எடையைவிடக் கூடுதலாகவே முன் ஆக்சில் மேல் ஏற்றும். அதற்காகத்தான் ஒரே உயரத்துக்கு மென்மையான, நடுத்தரமான, கனமான என்று தனித்தனி ஸ்ப்ரிங் விற்கிறார்கள்.

நம் ஊரில் பலர் "எதிர்காலத்தில் பம்பர், வின்ச் போடுவேன்" என்று நினைத்துக் கனமான ஸ்ப்ரிங் வாங்கிவிடுகிறார்கள். காலியாக ஓடுகிற, சுமார் 1200 கிலோ எடையுள்ள ஜிம்னியில் அதைப் போட்டால் ஸ்ப்ரிங் நசுங்கவே நசுங்காது, ஒவ்வொரு வேகத்தடையும் நேராக இடுப்புக்கு வரும். அதோடு 40 மி.மீ. என்று எழுதியிருந்த கிட் 55க்கும் 60க்கும் தூக்கிவிடும், ஏனென்றால் அட்டையில் எழுதியிருக்கிற உயரம் குறிப்பிட்ட சுமை இருக்கும் என்ற கணக்கில் எழுதியது. முன்னால் இரும்புத் தடுப்பு மாட்டுவதை 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடுக்கச் சொல்லியிருக்கிறது, ஏர்பேக் சென்சாரும் பாதசாரிகளின் உயிரும் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகவே அந்தக் கனத்துக்காக ஸ்ப்ரிங் வாங்க வேண்டிய தேவையே இல்லை. இன்று வண்டியில் நிரந்தரமாக என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் வாங்குங்கள். இரண்டு பேரும் ஒரு பையும் மட்டும் போகிற வண்டிக்கு மென்மையான வகைதான். மேலே கேரியர், பின்னால் கருவிப்பெட்டி, குளிர்பெட்டி என்று எப்போதும் ஏற்றி வைத்திருப்பவர்கள் பின்பக்கம் மட்டும் ஒரு படி கூட்டலாம், முன்னும் பின்னும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கனமான ஸ்ப்ரிங் போட்டால் அதிகச் சுமை ஏற்றலாம் என்ற எண்ணமும் தவறு. ஜிம்னியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1545 கிலோ. பெரியவர்கள் நாலு பேரும் சாமான்களும் ஏறினாலே ஏறக்குறைய நிறைந்துவிடும். பிரேக், ஆக்சில், சேஸிஸ் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் கட்டப்பட்டவை, ஸ்ப்ரிங் மாற்றியதால் அந்த எண் மாறாது.

உயரம் கூடக்கூட எது கெடுகிறது

முன் சக்கரம் திரும்புகிற அச்சு நேர்குத்தாக இல்லாமல் மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது மாதிரி. இதற்குக் காஸ்டர் கோணம் என்று பெயர். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதும், நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் போவதும் இதனால்தான். ஜிம்னியில் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு கரங்களும் பின்னால் சேஸிஸில் பிணைந்திருக்கின்றன. சேஸிஸ் உயர்ந்தால் கரங்கள் சாயும், அவற்றோடு ஆக்சிலும் முன்னோக்கி உருளும், காஸ்டர் குறையும். கரத்தின் நீளம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 40 மி.மீ. லிஃப்டில் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேல் போகும். தொழிற்சாலையில் வைப்பதே சில டிகிரிதான், ஆகவே இது சின்ன இழப்பு இல்லை. 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் லேசாகி, வண்டி இங்கும் அங்கும் போகிற உணர்வு வரும், ஒரு குழியில் ஏறி இறங்கினால் ஸ்டியரிங் நடுங்கவும் தொடங்கலாம். அந்த நடுக்கத்தை மறைக்கப் பெரிய ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக்) போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கரத்தின் மூட்டில் உட்காரும், மையம் விலக்கித் துளையிட்ட காஸ்டர் புஷ் அல்லது கோணம் திருத்திய கரம், இரண்டில் ஒன்று லிஃப்ட் போடுகிற அன்றே போட வேண்டும். கிட் விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

ஆனால் இந்தத் திருத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு. காஸ்டரைத் திருப்பி எடுக்க ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டும்போது கிரவுனின் மூக்கு கீழே பார்க்கும், அதற்குச் சக்தியைக் கொண்டுவரும் முன் புரப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் இன்னும் வளையும், அதிர்வு வரும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிற இந்த இழுபறி 40, 50 மி.மீ.க்குள் சமாளிக்கக்கூடியது. 75, 100 என்று போனால் கரம், ஷாஃப்ட், ஸ்டியரிங் ராடு, பிரேக் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான். அது தனிப் பொழுதுபோக்கு, தினசரி வண்டிக்கு வேண்டாம்.

ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு குறுக்கு ராடு இருக்கிறது. வண்டி உயர்ந்தால் அது சாய்ந்து, ஆக்சிலையே ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துவிடும். இந்த அளவு லிஃப்டில் சில மி.மீ.தான், பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் நடுவில் கொண்டுவந்துவிடலாம், பின்பக்கம் போடுவது நல்லது.

கவிழும் அபாயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசியே ஆக வேண்டும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ. ஒரு எளிய அளவை வைத்திருக்கிறது: இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுப்பது. விடை குறையக் குறைய வண்டி சுலபமாகக் கவிழும். ஜிம்னியின் அந்த அகலம் சுமார் 1400 மி.மீ. ஈர்ப்பு மையம் 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டால் விடை 1.08. 40 மி.மீ. லிஃப்டும் 235 டயரும் சேர்ந்து மையத்தை 55 மி.மீ. அளவுக்கு உயர்த்தினால் விடை 0.99. எட்டு சதவீதம் குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது, மேலே கேரியரில் சுமையும் இருந்தால், இந்த எட்டு சதவீதம் நிஜமானது. குழந்தைகளை ஏற்றிப் போகிற வண்டி என்றால் கேரியரை முதலில் கழற்றுங்கள்.

பெரிய டயருக்கு இன்னும் ஒரு விலை உண்டு. உயரம் ஆறு சதவீதம் கூடினால் எல்லா கியரும் அந்த அளவுக்கு நீளமாகிவிடுகின்றன, 105 குதிரைத்திறன் உள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு ஏற்றத்தில் அது நன்றாகவே தெரியும். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதையே காட்டும்போது நிஜ வேகம் அதைவிட ஆறு சதவீதம் கூடியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இது விளையாட்டு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. டயர் அளவும் இதில் அடங்கும். எல்லாரும் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதை நம்பி இறங்காதீர்கள், உங்கள் ஆர்.டி.ஓ.விடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்றாக இருக்கலாம். சொந்த எஸ்டேட்டுக்குள் மட்டும் ஓடுகிற வண்டியின் நிலை வேறு, ஊருக்குள் தினமும் ஓடுகிற வண்டியின் நிலை வேறு. பதில் திருப்தியாக இல்லையென்றால் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே நல்ல ஆல் டெரெய்ன் டயர், ஒரு கம்ப்ரசர், நடு வயிற்றுக்கு இரும்புத் தகடு, இவற்றோடு நிறுத்திக்கொள்வது முழுமையான முடிவுதான், குறையான முடிவு இல்லை.

மாட்டும்போது

வேலைக்கு விடுவதற்கு முன் நான்கு சக்கரங்களிலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். லிஃப்ட் நிஜமாக எவ்வளவு கிடைத்தது என்று பிறகு தெரிய இது ஒன்றுதான் ஆதாரம், தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் அளவும் குழப்பிவிடும்.

கரங்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிடுகிற பழக்கம் பல ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. அப்படி இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போது புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரங்கள் தரையில், முழு எடையும் அவற்றின் மேல், அதன் பிறகுதான் கடைசி இறுக்கம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் விறைப்பாக இழுபடுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

லிஃப்ட் போட்டதும் ஸ்டியரிங் வீல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சிலர் வீலையே கழற்றி நேராக மாட்டித் தருவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈ.எஸ்.பி. அமைப்பு ஸ்டியரிங்கின் கோணத்தைச் சென்சார் வழியாகப் படித்துத்தான் வண்டி வழுக்குகிறதா என்று முடிவு செய்கிறது, அது தவறாகப் படித்தால் நேராகப் போகும்போதே பிரேக்கைப் பிடிக்க வாய்ப்புண்டு. கீழே ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் ராடின் நீளத்தை மாற்றித்தான் வீலை நேராக்க வேண்டும். பிறகு அலைன்மென்ட், அதில் டோ அளவோடு (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) காஸ்டர் எத்தனை டிகிரி என்பதையும், அலைன்மென்டுக்கு முன்பும் பின்பும் எடுத்து அச்சிட்ட தாளில் கேட்டு வாங்குங்கள்.

500 கி.மீ. ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும், புது ஸ்ப்ரிங்கும் அதற்குள் கொஞ்சம் அமர்ந்திருக்கும், அதனால் ஹப் அளவையும் மறுபடி எடுங்கள். முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகமாக உயர்ந்திருந்தால் ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், அதைச் சுவருக்கு நேராக நிறுத்தி இறக்கிவிட்டு, அப்புறம் இரவில் வெளியே எடுங்கள்.